மே முதல் நாள் கங்கு

வாசலில் வந்து நின்ற ஒனோராக்கா "கடவுள் காப்பாத்தட்டும்" என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் பகையாளிகூட அதைச் சொல்லாமல் ஒரு வீட்டு வாசலில் நிற்கமாட்டான்.

"சபீனா, அடுப்பு அணைஞ்சு போச்சுடி. ஒரு கங்கு குடு."

நண்பகல்தான். ஆனால் மலையிலிருந்து இறங்கிய மூடுபனி அரைக்கதவு வரை வந்து அடைத்துக்கொண்டதில், பக்கத்து வீட்டுக்காரியின் முகம் தெரியாமல் சால்வையின் விளிம்பு மட்டும் தெரிந்தது. ஈரக் கம்பளியும் அடுப்புப் புகையும் மணக்க வேண்டிய இடத்தில், புதிதாய்த் தோண்டிய குழியின் வாடை மெல்ல உள்ளே வந்தது.

சபீனா தொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். மே மாத முதல் நாளில் நெருப்பை வெளியே கொடுத்தால் வீட்டின் பாக்கியமும் கூடவே போய்விடும். கணவன் கோல்மன் சதுப்பில் அடுப்பெரிக்கும் காய்ந்த மண்கட்டி வெட்டப் போகுமுன் இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனான். தொட்டிலில் ஒன்பது நாள் பிள்ளை; ஞாயிற்றுக்கிழமைதான் ஞானஸ்நானம். அதுவரை மலைக்குள் இருக்கும் மாயக்கூட்டத்தார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அதே முகத்தில் தங்களில் ஒன்றை விட்டுப் போகாமலிருக்க, அவர்களுக்கு ஆகாத இரும்பாயிற்றே என்று தொட்டிலின் குறுக்கே அடுப்பு இடுக்கியை வைத்திருந்தாள்.

"இன்னிக்குப் போய்க் கேக்குறீங்களேக்கா..."

"மூணு ராத்திரி உன் பக்கத்துல உக்காந்து பிரசவம் பாத்தேனே, அப்ப நான் நாள் பாத்தேனா?"

சுருக்கென்றது. அந்தக் கை இல்லாவிட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்று எப்படிச் சொல்வது? கங்கு எடுக்க வீட்டில் வேறு இடுக்கியும் கிடையாது. ஒரு நிமிடம்தானே என்று தொட்டிலின் மேலிருந்ததை எடுத்தாள்.

கங்கை நீட்டினாள். சட்டி வரும் என்று பார்த்தால் வெறுங்கை வந்தது. கங்கு உள்ளங்கையில் உட்கார்ந்தது. தோல் பொசுங்கவில்லை. விரல்கள் மூடிக்கொண்டன. பிறகு பனி மட்டும்.

தொட்டிலுக்கு ஓடினாள். பிள்ளை இருந்தது. அதே மூக்கு, அதே செம்பட்டை முடி. அப்பாடா!

அப்போது மலைப்பக்கம் ஒரு குழந்தை அழுதது. பசி அழுகை. அவளுக்குப் பால் சுரந்து சட்டையை நனைத்தது.

"கடவுள் இந்த வீட்டைக் காப்பாத்தட்டும்!" கூடையும் கையுமாக ஒனோராக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "விடியக்காலைல போனவ, இப்பதான் சதுப்புலேர்ந்து வரேன். உன் புருஷன் ஒருத்தனே பத்துப் பேரு உருளைக்கிழங்கத் தின்னுட்டான்டி! என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்குற?"

சபீனா மலைப்பக்கம் கையை நீட்டினாள். மலையில் அழுகை தூரமாகிக்கொண்டே போனது.

"அக்கா... என் பிள்ளை... அங்க..."

"எங்கடி? இங்கதானே கிடக்கான் ராசா." அதை அள்ளி அவள் கையில் திணித்தாள். "சட்டையெல்லாம் நனையுது பாரு. பால் குடு முதல்ல."

ஒனோராக்கா கூடையை வைக்கத் திரும்பினாள்.

அது சபீனாவை அண்ணாந்து பார்த்தது. வாயைத் திறந்தது. உள்ளே இரண்டு வரிசை பற்கள். மஞ்சளாய். தேய்ந்து. ஒரு கிழவனின் பற்கள். அவள் மார்பை நோக்கி மெல்ல முகத்தைக் கொண்டுவந்தது.