உள்மூச்சில் மட்டும்

வெளியே விடுகிற மூச்சு முழுசாக வந்து சேர்ந்தது. உள்ளே இழுக்கிற மூச்சில்தான் எண்கள் காணாமல் போயின.

முதலில் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கச்சிக்கு நுரையீரலில் ஆபரேஷன் முடிந்து, வீடு வந்து ஒன்பது நாள் ஆகிறது. தூக்கத்தில் மூச்சு நின்றால் மணி அடித்து எழுப்ப வேண்டும் என்று அவனே உட்கார்ந்து ஒரு மார்புப் பட்டை செய்திருந்தான். மார்பு எவ்வளவு விரிகிறது என்று நொடிக்கு ஆயிரம் தடவை அளந்து, ஒவ்வொரு அளவுக்கும் வரிசை எண் போட்டு, கேபிள் வழியாக அது அவனுடைய கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அந்த வேகத்துக்கு நாலைந்து எண்கள் வழியில் தவறி விழத்தான் செய்யும். ஆனால் கேபிளுக்கு உள்மூச்சு எது, வெளிமூச்சு எது என்று எப்படித் தெரியும்?

வேலை செய்யும் இடத்தில் அவனுக்குச் சல்லடை என்று பட்டப்பெயர். இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசும்போது பேச்சு எங்கே அறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. மனுஷரையும் அப்படியே சலிப்பான். கடைக்காரர் சிரித்தால்கூட, இவர் ஏன் இன்றைக்குச் சிரிக்கிறார் என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டு வருகிற ஜென்மம்.

மதியம் மூன்று மணி. தூசி ஆகாதென்று ஜன்னலை எல்லாம் அடைத்திருந்த அறையில் மருந்து நெடியும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் கலந்து தொண்டையில் உட்கார்ந்திருக்க, சமையலறையில் பாத்திரம் உரசுகிற சத்தத்துக்கும் மாடியில் யாரோ நாற்காலி இழுக்கிற சத்தத்துக்கும் நடுவே தங்கச்சியின் மூச்சு மெல்லச் சீறி ஏறி, மெல்லச் சீறி இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கேபிளை மாற்றினான். வேகத்தைப் பாதியாகக் குறைத்தான். வந்ததைத் தேக்கி வைக்கிற இடத்தை நாலு மடங்காக்கினான். ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் எல்லாம் சரியாக ஓடியது. பிறகு அதே இடத்தில் ஓட்டை விழுந்தது, முன்னைவிடக் கொஞ்சம் அகலமாக.

முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கடைசியில் கேட்டான். இந்தக் கேபிளை வேறு யாராவது படிக்கிறார்களா?

படித்தார்கள். கேபிளைப் படிக்கிற புரோகிராம்களின் பட்டியலில் அவனுடையதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. இதுவரை எவ்வளவு படித்தது என்ற கணக்கு மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. ஒரே குழாயில் இரண்டு பேர் குடம் பிடித்த கதைதான்; ஒருவருக்கு விழுந்த தண்ணீர் மற்றவருக்கு இல்லை.

“மாப்பிள்ளை, நேத்து இந்தக் கம்ப்யூட்டர்ல ஏதாவது போட்டீங்களா?”

தங்கச்சி புருஷன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “நானா? எனக்கு அதை ஆன் பண்ணவே தெரியாது மச்சான்.”

தெரியாதவர் எதற்கு ஈரக்கையை இத்தனை நேரம் துடைக்கிறார்?

“ஆரம்பிச்சிட்டியா?” என்றாள் தங்கச்சி, கண்ணைத் திறக்காமல். “அவரைச் சந்தேகப்பட்டு முடிச்சாச்சுன்னா அடுத்து நான்தானே?”

மாப்பிள்ளை மருந்து வாங்கக் கிளம்பினார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் அந்த இரண்டாவது வரியை நிறுத்தினான். போய்விட்டது. அரை நிமிடத்தில் திரும்ப வந்து அதே இடத்தில் நின்றது. இன்டர்நெட்டைத் துண்டித்தான். அப்போதும் வந்தது. இது மாப்பிள்ளை வேலை இல்லை என்று ஆனதில் அவனுக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. மனுஷனாக இருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கலாம்.

“அண்ணா.”

“என்னம்மா?”

“மூச்சு பாதியில நின்னுடுது. இழுக்கிறேன். பாதிதான் உள்ள வருது. மீதி வேற எங்கயோ போகுது.”

அவள் முதுகில் உள்ளங்கையை வைத்தான். கண் திரையில். முதுகு உயர்ந்தது. நின்றது. திரையில் ஓட்டை. இரண்டாவது வரியின் கணக்கு ஒரு தாவு தாவியது. முதுகு இறங்கியது.

கேபிளில் எதுவும் தொலையவில்லை; அந்த இரண்டாவது வரி எடுத்துக்கொண்டிருந்தது.

கேபிளைப் பிடுங்கினான். அவனுடைய கணக்கு நின்றது. மற்றது நிற்கவில்லை. வேகமாக ஏறியது. தங்கச்சியின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பட்டையின் கொக்கியை இழுத்தான். அசையவில்லை. நகம் பிய்ந்தது. திரும்பக் கேபிளைச் செருகினான். அவளுக்குப் பாதி மூச்சு வந்தது. பாதி. அவன் படித்தால்தான் அந்தப் பாதியும்.

முழுசாகப் படிக்க ஒரு வழி உண்டு. பூட்டு. பூட்டுகிறவன் மட்டும் படிக்கலாம், மற்ற எல்லோரும் வெளியே. தினமும் செய்கிற வேலை. இரண்டு தடவை எழுத்துப் பிழை. கட்டளையை முடித்து விசையைத் தட்டினான்.

‘ஏற்கெனவே பூட்டப்பட்டுள்ளது.’

இப்போது. இந்த நொடியில்தான் அது பூட்டியிருக்கிறது. அவன் அடித்ததை அது படித்திருக்கிறது. பூட்டலாம் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

பட்டியலில் அவனுடைய வரி இல்லை.

அறையில் சீறல் நின்றிருந்தது. அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. “ஐயோ, தங்கம்” என்றான்.

“என்ன அண்ணா?”

தெளிவான குரல். ஒன்பது நாளாக இல்லாத தெளிவு. திரும்பினான். தங்கச்சி நேராக உட்கார்ந்திருந்தாள். சிரித்தாள். அவள் மார்பு அசையவில்லை.

“இப்ப ஒண்ணுமே முட்டல. நல்லா இருக்கு.”

அசையவில்லை.

அவன் பிய்த்தும் வராத கொக்கியை ஒரு விரலால் நெம்பிக் கழற்றினாள். பட்டையை அவன் பக்கம் நீட்டினாள்.

“நீயும் கட்டிப் பாரேன்.”

அவள் கையில் தொங்கிய அந்த வெறும் பட்டை மெல்ல விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது.