கட்டை விரல்

உலகத்தில் எந்தக் குழாயாக இருந்தாலும் சரி, ஒழுங்காக இணைத்துவிட்டால் மறுபடி அதைத் தொட்டுப் பார்ப்பவன் மடையன். இது தனசேகரனின் கொள்கை. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் பதினோரு வருஷமாக ஃபிட்டர். அவன் போட்ட இணைப்பு எதுவும் கசிந்ததில்லை. கசிந்த எதுவும் அவன் போட்டதில்லை.

அதனால் மாமியார் அம்சவள்ளியைப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு. மனைவி மலர்விழிக்கு மோயாமோயா. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் தாமாகவே சுருங்கிக்கொண்டு வரும் நோய். சென்னையில் வலது காதோரத்துக் குழாய் ஒன்றைத் திருப்பி மூளையில் இணைத்து இருபது நாள் ஆகிறது. அந்தப் புது வழியில் ரத்தம் உறைந்துவிடக் கூடாது. வேளைக்கு மாத்திரை, மணிக்கொரு முறை தண்ணீர், தலையை இறுக்கும் கண்ணாடியோ ஹெல்மெட்டோ ஆகாது. காதோரம் துடிக்கிறதா என்று இரண்டு விரல் நுனியால் பட்டும் படாமலும் பார்க்க நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். அம்சவள்ளி மணி தவறாமல் தொட்டாள்.

“இன்னா அத்த, மாம்பழம் பழுத்துடுச்சான்னு பாத்துக்கினு இருக்கீங்களா?”

“சிரிங்க மாப்ள. மாத்திர இன்னியோட தீருது, கள்ளக்குறிச்சி போயிட்டு வந்துடறேன். அதுவரிக்கும் நீங்கதான் பாக்கணும். கட்ட வெரல மட்டும் வெக்காதீங்க. அதுக்குன்னு தனியா ஒரு துடிப்பு இருக்குதாம். நம்ம துடிப்பையே நமக்குக் காட்டி ஏமாத்திடுமாம்.”

“வூட்டுக்கு ஒரு டாக்டர் போதும் அத்த. பஸ்ஸு போயிடப் போவுது.”

இரவு ஷிப்ட் முடித்து வந்தவன். எலும்புக்குள் மணலைக் கொட்டியது போல அசதி. பகல் பன்னிரண்டு மணிக்கு மலர்விழி, “தல வலிக்குதுங்க” என்றாள். தலைவலி வந்தால் ஆலையில் எல்லாரும் செய்வதைச் செய்தான். தோளில் கிடந்த துண்டை முறுக்கி, அவள் நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். டாக்டர் சொன்ன பட்டியலில் துண்டு இல்லை. டம்ளரில் தண்ணீர் வைத்துவிட்டுப் பாயில் சாய்ந்தான்.

விழித்தபோது டம்ளர் அப்படியே நிறைந்திருந்தது.

கரண்ட் போய் மின்விசிறி நின்றிருந்தது. ஆலையின் மொலாசஸ் கழிவுப்பாகு வாடை கெட்டியாய், புளிப்பாய், அழையாமல் வந்த உறவுக்காரன் மாதிரி அறை முழுக்க உட்கார்ந்திருந்தது. எங்கோ கரும்பு டிராக்டர் ஒன்று மேட்டில் முனகி முனகி, போய்ச் சேராமலே ஓய்ந்தது. அதற்கப்புறம் இந்த வீட்டில் கேட்க வேண்டிய ஏதோ ஒரு சத்தம் கேட்கவில்லை என்று பட்டது, எந்தச் சத்தம் என்றுதான் தெரியவில்லை. மணி மூன்றரை. தண்ணீரில் ஓர் எறும்பு மிதந்தது. இன்னொன்று கட்டில் சட்டத்தில் ஏறி, தலையணையைக் கடந்து, மலர்விழியின் கன்னத்துக்கு வந்தது. உதட்டின் ஒரு பக்கம் வழிந்திருந்த எச்சிலில் நின்று குடித்தது.

அவள் தட்டிவிடவில்லை.

“மலரு.”

கண்கள் பாதி திறந்திருந்தன.

துண்டை அவிழ்த்தான். அவன் போட்ட முடிச்சு இளகுவதில்லை. நகம் ஒடிந்தது. துண்டு கையோடு வந்த பின்னும் அதன் முறுக்கு தோலில் இருந்தது. காதோரத்துத் தையல் தழும்பின் மேல். குறுக்கே.

அவளுடைய இடது கையைத் தூக்கினான். விட்டான். விழுந்தது.

அசதி. தூக்கம். வேறென்ன.

108-ஐ அழுத்தப் போனை எடுத்தான். வருகிறவர்கள் கேட்பார்கள். இது என்ன தடம்? யார் கட்டியது?

முதலில் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டால்.

வாசலைப் பார்த்தான். யாருமில்லை. தொட்டான்.

துடித்தது.

பலமாக. ஒழுங்காக. கண் கலங்கிவிட்டது அவனுக்கு. போனைக் கீழே வைத்தான். விரலை எடுக்கவில்லை. விடாமல் துடித்தது. எறும்புகள் வரிசையாக வரத் தொடங்கின. வெயில் சுவரில் ஏறியது. துடித்தது.

வாசலில் செருப்புச் சத்தம்.

“மாப்ள? தொட்டுப் பாத்தீங்களா?”

“நல்லா துடிக்குது அத்த.”

“எந்த வெரலு?”

குனிந்து பார்த்தான். காதோரத்திலிருந்து மெல்ல எடுத்தான். பக்கத்தில் கட்டில் சட்டம். அவனே வெல்டு வைத்த இரும்புக் குழாய். கட்டை விரலை அதன் மேல் வைத்தான்.

துடித்தது.