வளைமாடத்தில் இருபத்துநான்கு பேர்

மே மாதம் பிறந்தால் பிள்ளைகளை நிலவுக்கு அனுப்பிவைப்பது அப்போது எல்லா ஊரிலும் வழக்கமாகியிருந்தது. சங்கரன்கோவில் ஆவுடைச்செல்விக்குப் பதினெட்டு வயது. நிலவின் தென்துருவத்தில் நடந்த பன்னாட்டுக் கோடைப் பள்ளிக்கு, இருபத்தெட்டு நாள் விண்ணறிவியல் படிக்க, அவளும் போயிருந்தாள். இருபத்துநான்கு நாடுகளிலிருந்து நாட்டுக்கு ஒரு மாணவர்.

காதுக்குள் பதித்த மொழிச்செவி, யார் எந்த மொழியில் பேசினாலும் கேட்பவரின் ஊர்ப் பேச்சாக மாற்றித் தந்தது. மடகாஸ்கர் பெண் ஹசினா பேசுவது ஆவுடைக்குச் சுத்தமான நெல்லைத் தமிழில் கேட்டது. மூன்றே நாளில் இருவரும் நெருங்கிவிட்டார்கள். எதைக் கேட்டாலும் ஹசினா சற்று யோசித்துத்தான் பதில் சொல்வாள். மற்றவர்களும் அப்படித்தான். நிதானமான பிள்ளைகள் என்று ஆவுடை நினைத்துக்கொண்டாள். சாப்பாட்டுக் கூடத்துக்கு யாருமே வராதபோதும், அவரவர் அறையில் சாப்பிடுவார்கள் என்று எண்ணித் தனியாக இட்லியைப் பிய்த்துத் தின்றாள்.

பத்தொன்பதாம் நாள் காலை, நிலவுப் பனியைக் குடைந்தெடுக்கும் பாடம். காற்று நிரப்பிய கண்ணாடி வளைமாடத்தில் எல்லோரும் விண்ணுடை இல்லாமல் நின்றிருந்தார்கள். கடுகளவு விண்கல் ஒன்று கூரையைத் துளைத்தது. மெல்லிய சீழ்க்கை ஒலி. அந்தத் துளை விரிசலாகப் பிளந்த அடுத்த கணம் ஆவுடைக்குக் காது அடைத்தது. மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது.

"காத்து போகுது! ஓடுங்க!" என்று கத்தினாள்.

யாரும் ஓடவில்லை. இரண்டரை வினாடி கழித்து, இருபத்துமூன்று தலைகளும் ஒன்றாக அவள் பக்கம் திரும்பின.

பயத்தில் உறைந்துவிட்டார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். சுவர்ப் பெட்டியை உடைத்து இரண்டு உயிர்வளி முகமூடிகளை எடுத்தாள். கைக்கு எட்டிய முதல் ஆளான ஹசினாவுக்கு ஒன்றை மாட்டிவிட்டு, இன்னொன்றைத் தானும் மாட்டிக்கொண்டு, அவளைத் தோளில் தூக்கிப்போட்டு ஓடினாள். காற்று கசியாத காப்பறைக்குள் நுழைந்து கதவு மூடியதும் சுருண்டு விழுந்தாள். நெஞ்சு நெருப்பாக எரிந்தது.

அவளுடைய முகமூடியின் கண்ணாடி மூச்சு பட்டு மங்கியிருந்தது. ஹசினாவின் கண்ணாடி துடைத்துவைத்தாற்போலத் தெளிவாக இருந்தது.

"ஏட்டி, மூச்சு விடு! விடுட்டி!" ஆவுடை அவள் நெஞ்சில் கைவைத்து அழுத்தினாள். உள்ளே எதுவும் துடிக்கவில்லை.

"ஆவுடை, அழுத்தாத. நான் எங்க வீட்லதான் இருக்கேன்."

ஆவுடையின் கை அப்படியே நின்றது.

"இது பதிலுடல்ட்டி. நான் இங்கன இருந்து நெனச்சா அது அங்கன நடக்கும். அம்புட்டுத் தூரம் போயிட்டு வரணும்லா, அதான் பேச்சு கொஞ்சம் பிந்தும்."

சுரங்கங்களில் பதிலுடல்கள் வேலை செய்வதை ஆவுடை பார்த்திருக்கிறாள். தோலும் புன்னகையுமாக அவை படிக்க வரும் என்று அவள் கேள்விப்பட்டதே இல்லை. "அப்போ மத்தவங்க?"

"எல்லாரும் அவங்கவங்க வீட்லதான். பதிலுடல்ல வந்தாலும் நேர்ல வந்த கணக்குன்னு விதியில போட்டிருக்கே, நீ படிக்கலையா?" ஹசினா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "இரு... உனக்கு மூக்குல ரத்தம் வருது. நீ நெசமாவே வந்திருக்கியா? ஒங்க வீட்ல எப்படிட்டி விட்டாங்க?"

ஆவுடை பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

நுரையீரல் தேறும்வரை ஒன்பது நாள் நிலவு மருத்துவமனையில் கிடந்தாள். ஹசினா தினமும் வந்து கட்டிலருகில் உட்கார்ந்தாள். நிறைவு விழாவில் இருபத்துமூன்று பேருக்குச் சான்றிதழ் கிடைத்தது. ஆவுடையின் பெயரை வாசிக்கவில்லை. அலுவலகத்துக்குப் போய் ஒருங்கிணைப்பாளர் மார்ட்டினைக் கேட்டாள்.

"வருகை எழுபத்தஞ்சு சதவீதம் வேணும்மா. ஒங்களுக்கு அறுபத்தாறுதான் இருக்கு."

"சார், இந்த நிலவுக்கு வந்தவளே நான் ஒருத்திதான்!"

மார்ட்டின் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"நீங்களே பாருங்கம்மா. அன்னைக்குக் காத்தே இல்லாதப்பக்கூட அவங்க எல்லாரும் வகுப்பு முடியிறவரைக்கும் இருந்திருக்காங்க, நீங்க தூக்கிட்டுப் போன ஹசினாகூட உடனே திரும்பி வந்துட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் சொல்லாமப் பாதியில வெளிய போயிருக்கீங்க."