முன்வாசல் கற்கள்

முன்வாசல் படியில் ஒரு கல் இருந்தது. ஈரமாக, வழுவழுப்பாக, கோழி முட்டையைவிடச் சற்றே பெரிதாக, சாம்பல் நிறத்தில். கல்லைப் பார்த்துப் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஃபாக்லாந்து தீவுகளின் மேற்குக் கரையில் முன்வாசல் வழியாக எவனும் எந்த வீட்டுக்கும் போவதில்லை என்பதுதான் விஷயம். பின்பக்கமாக வந்து, பூட்ஸின் சேற்றை உதறிவிட்டு, நேராகச் சமையலறைக்குள் நுழைந்து, கேட்காமலே தேநீர் ஊற்றிக்கொள்வதுதான் அங்கே மரியாதை. டுகால்டின் வீட்டு முன்கதவு அதன் ஆயுளில் இரண்டே தடவைதான் திறந்திருக்கிறது. ஒருமுறை பியானோவை உள்ளே கொண்டுவர. ஒருமுறை அவன் அப்பாவை வெளியே கொண்டுபோக. பியானோதான் கனம் என்று இரண்டையும் தூக்கியவர்கள் சொன்னார்கள்.

ஜன்னல் வழியாகக் கல்லைப் பார்த்த டுகால்ட், வீட்டைச் சுற்றிப் போய் அதை எடுத்துக் கடல் பக்கமாக வீசினான். பனிமூட்டம் அதை வாங்கிக்கொண்டது. விழுந்த சத்தம் மட்டும் கேட்கவில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் படியில் ஒரு கல் இருந்தது. வேறு கல்லாக இருக்கலாம். அதே கல்லாகவும் இருக்கலாம். அதையும் வீசினான், அதற்குப் பிறகு வந்ததையும் வீசினான்.

"யாரு வெளிய?" என்றாள் மோர்னா, தொட்டிலை ஆட்டிக்கொண்டே.

"யாருமில்ல. அக்கரை டார்க்வில்லோட குறும்பா இருக்கும். படியில கல்லு வெக்கிறான்."

"இந்தப் பனியில படகு விட்டுக்கிட்டு வந்து கல்லு வெச்சுட்டுப் போறானா? அவ்வளவு சுறுசுறுப்பு இருந்தா அவனுக்கு எப்பவோ கல்யாணம் ஆயிருக்கும்."

தொட்டிலில் கிடந்த எல்ஸ்பெத் பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அவளுக்கு ஒரு கொள்கை இருந்தது. தன்மேல் ஒரு ஜோடிக் கண்ணாவது இருக்கும்வரை தூங்குவாள். அப்பன், ஆத்தாள் இருவரும் சேர்ந்து கண்ணை மூடினால் வீடு கிடுகிடுக்கும். அதனால் இருவரும் மாற்றி மாற்றித்தான் உறங்கினார்கள். ஒருவரை ஒருவர் தோளில் தட்டி "உன் முறை" என்பதைத் தவிர அவர்களுக்குள் வேறு பேச்சே குறைந்துவிட்டது.

"உன் முறை," என்று எழுந்தாள் மோர்னா. "கண்ண மூடிடாத."

"நான் எங்க மூடறேன்? அதுவா மூடுது."

அவள் சிரித்துக்கொண்டே படுக்கையறைக்குள் போனாள். டுகால்ட் தொட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, வீட்டுக்கு வீடு பேசிக்கொள்ளும் ரேடியோவைத் திறந்தான். வளைகுடாவுக்கு அக்கரையிலிருந்து டார்க்வில் கரகரத்தான்.

"என்னடா தகப்பா, உசுரோட இருக்கியா?"

"இருக்கேன். பென்குயின் மாதிரிதான் தூக்கம்."

அது பொய்யில்லை. முட்டைமேல் இருக்கும் பென்குயின் ஒரேயடியாகத் தூங்குவதில்லை. தலை ஒருமுறை சாயும், மூச்சு ஒன்று போய் வரும், கண் திறந்துவிடும், மறுபடி சாயும். பகலெல்லாம் இரவெல்லாம் தூக்கத்தை இப்படிப் பொடிப்பொடியாகக் கிள்ளித் தின்னும். சில சமயம் ஒரு கண் தூங்கும், மற்றது காவல் இருக்கும். ஓரத்தில் கூடு கட்டினால் முட்டை திருடும் கடற்பறவை. நடுவில் கட்டினால், கண் மூடியதும் கூட்டுக் கல்லை உருவிக்கொண்டு போகும் அண்டைவீட்டான். கூடி வாழ்வதன் சுகம் அது.

"முட்டைக்குப் போனியா இந்த வருஷம்?" என்றான் டார்க்வில்.

"மோர்னா ஆசைப்பட்டா. ஓரமா ஒரு கூட்டுல எடுத்தேன்."

"ஒண்ண விட்டுட்டுத்தானே?"

கூட்டுக்கு இரண்டு முட்டைதான் இருக்கும்; அங்கே எல்லோரும் ஒன்றை விட்டுத்தான் எடுப்பார்கள். அது சட்டமல்ல, சட்டமாக இருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

"பனியில தெரியலப்பா. வீட்டுக்கு வந்து பைய அவுத்தா ரெண்டு முட்டை. மறுநாள் போய், கூடு சும்மா இருக்க வேணாம்னு ஒரு கல்ல வெச்சேன். தாய்ப்பறவையும் பேசாம அதுமேல உக்காந்துக்கிச்சு."

ரேடியோவில் இரைச்சல் மட்டும் ஓடியது. அந்த அலைவரிசையில் எப்போதும் பாதித் தீவு ஒட்டுக் கேட்கும். இன்று யாரும் சிரிக்கவில்லை.

"தின்னாச்சா?"

"தின்னாச்சு."

"முன்கதவுக்குத் தாழ் இருக்கா?"

"அத யாருடா திறக்கப் போறா?"

"நான் அதக் கேக்கல. தாழ் இருக்கானு—"

குரல் இரைச்சலுக்குள் மூழ்கிப்போனது.

முதலில் வாடைதான் வந்தது. அழுகிய மீனும் ஈர இறகும் கடற்பாசியும் எச்சமும் கலந்த, கரையைவிட்டு ஒருபோதும் மேட்டுக்கு ஏறாத அந்த வாடை, சுவரின் இடுக்குகள் வழியாக மெதுவாக உள்ளே வந்து, அடுப்பில் எரியும் சதுப்பு மண்கட்டியின் புகைமேல் ஏறி உட்கார்ந்தது. பிறகு ஈரத் தரையை ஈரத் துணியால் அடிப்பது போன்ற காலடிச் சத்தம், ஒன்று, பல, எண்ண முடியாதபடி பல. பிறகு அது நின்றுபோனது. டுகால்ட் ஜன்னலுக்குப் போனான். பனிக்குள் அவை நின்றன. தோளோடு தோள் ஒட்டி வீட்டைச் சுற்றி வளையம் வளையமாக, வெள்ளை மார்பு பனியோடு கரைந்து தலைகள் மட்டும் அந்தரத்தில் தொங்குவதுபோல. எல்லாம் கடலைப் பார்த்து, இரண்டு கண்ணும் மூடித் தூங்கின.

ஒன்று மட்டும் வீட்டைப் பார்த்து நின்றது. அதன் ஒரு கண் திறந்திருந்தது.

அத்தனையும் ஒரே நேரத்தில் இப்படி நிம்மதியாகத் தூங்கி அவன் பார்த்ததேயில்லை. இவற்றுக்கு யார் காவல் என்று யோசித்தான். யோசித்திருக்கக் கூடாது.

நாற்காலிக்கு வந்தான். தொட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். சால்வைக்குள் மகள் மூச்சுவிட்டாள். பால் வாசனை. கதவு மூடியிருந்தது. விழித்திருந்தால் போதும். அவ்வளவுதான். வெறுமனே விழித்திருந்தால் போதும்.

தலை சாய்ந்தது. ஒரு மூச்சு.

நிமிர்ந்தான். சால்வை இருந்தது. மகள் இருந்தாள். முன்கதவில் கூர்மையாக ஏதோ தட்டியது. மரியாதையாக, ஒரே தட்டு.

தலை சாய்ந்தது.

நிமிர்ந்தான். கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. பனி தரையில் ஊர்ந்து வந்தது.

"மோர்னா," என்று கூப்பிட்டான். குரல் வாய்க்குள்ளேயே இருந்தது. கால் எழவில்லை.

சாய்ந்தது.

தரையில் கற்கள். வாசலிலிருந்து படுக்கையறை வரை. வரிசையாக.

சாய்ந்தது.

கற்கள் இல்லை. ஈரத் தடம் மட்டும். மூன்று விரல்.

சாய்ந்தது.

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. லேசாக. சால்வை இல்லை.

இப்போது கால் எழுந்தது. படுக்கையறைக் கதவைத் தள்ளினான். கட்டிலின் நடுவில், படுக்கையைக் குழித்து, வட்டமாகக் கற்கள் அடுக்கியிருந்தன. அவன் வீசியவை எல்லாம் அதில் இருந்தன. அந்த வட்டத்துக்குள் மோர்னா குப்புறக் கவிழ்ந்து, கைகளை உடம்போடு ஒட்டி, கழுத்தை மட்டும் நிமிர்த்திக் கிடந்தாள். ஒரு கண் தூங்கியது.

"எல்ஸ்பெத் எங்கடி?"

"கத்தாத," என்றாள் மெதுவாக. "இப்பத்தான் தூங்குது." வயிற்றைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். ஒரு கல் இருந்தது. சாம்பல் நிறம். வழுவழுப்பு.

வெளியே, பனிக்குள், வளையங்களின் நடுவிலிருந்து, எதன் அடியிலோ வைத்து மூடியதுபோல் அமுங்கி, ஒரு குழந்தை அழுதது. கரையை நோக்கி நகர்ந்தபடியே அழுதது. அவன் வாசலுக்கு ஓட உடம்பைத் திருப்பினான். மோர்னாவின் கை அவன் தோளில் பட்டது. சில்லென்று, ஈரமாக. அவள் கட்டிலைவிட்டு இறங்கியிருந்தாள். அவளுக்குக் கீழே இருந்த கல் குளிரில் தனியாகக் கிடந்தது. அதைப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை.

"உன் முறை," என்றாள்.

அழுகை தூரத்தில் சமாதானமாகி அடங்கியது. டுகால்ட் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான்.