நிலைவாசலில் கொடுத்த வளையல்

மதுரைக்குப் போவதென்றாலே ராஜபாண்டிக்குக் கசப்பு. டி.கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் கரிசல்காட்டு ஊரைவிட்டு அவன் நகர்வதே அபூர்வம். இந்த முறை தட்ட முடியவில்லை. மனைவி முத்துத்தாய்க்கு ஏழாம் மாதம். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்துபோய், பல வருடம் ஏங்கிக் கிடந்த பிறகு தங்கியிருக்கும் கரு. வளைகாப்புக்கு வளையலும் சேலையும் மதுரையில்தான் எடுக்க வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மூக்கைப் பொத்திக்கொண்டான். மூத்திர வாடை, டீசல் புகை, வெயிலில் வெந்து கிடந்த குப்பை. எவனோ துப்பிய வெற்றிலை எச்சில் செருப்பில் ஒட்டிக்கொண்டது. இடித்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள். இப்படியும் ஒரு ஊரா என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தான்.

முத்துத்தாய்க்கோ வாயெல்லாம் பல். கோபுரத்தை வீடியோ காலில் தங்கைக்குக் காட்டினாள். மல்லிகையை முகர்ந்து முகர்ந்து வாங்கினாள். ஜிகர்தண்டா குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! அந்த ஒன்றுக்காக மதுரையை மன்னித்துவிடலாம் போலிருந்தது.

கடை கடையாக ஏறி இறங்கி முடிப்பதற்குள் உச்சி வெயில் ஆகிவிட்டது. அவள் கால் வீங்கியிருந்தது. சாயங்கால பஸ் வரைக்கும் படுக்கட்டும் என்று, ஒரு சந்துக்குள் இருந்த பழைய லாட்ஜில் ரூம் போட்டான். மேனேஜர் பேயாண்டி பனியனோடு உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். மாடியில் கடைசிக்கு முந்தின ரூமைக் கொடுத்தார்.

மாடிப்படியிலேயே வாடை தொடங்கியது. பினாயில் நெடிக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று, பூ அழுகிய தண்ணீரைப்போல. தலையணையில் யார் யாருடைய தலை எண்ணெயோ பிசுபிசுத்தது. பாத்ரூம் ஓட்டையில் முடி அடைத்திருந்தது. ஒரு குச்சியால் இழுத்தான். வழுவழுவென்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. எவ்வளவு இழுத்தும் நுனி வரவில்லை. அருவருத்துப்போய்க் குச்சியோடு போட்டுவிட்டு, கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு சாப்பாடு வாங்கக் கிளம்பினான்.

திரும்பி வந்தபோது முத்துத்தாய் வராந்தாவில் நின்றிருந்தாள்.

கடைசி ரூமின் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

உள்ளே இருட்டு. பட்டப்பகலில் அப்படியொரு இருட்டு.

அந்த இடுக்கிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்ததுபோல வெளுத்து, ஊறி, சுருங்கிப்போன கை. முத்துத்தாய் தன் பச்சை வளையல் ஒன்றைக் கழற்றி அதற்குப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

கை மெதுவாக உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே இருப்பவள் பிள்ளை இல்லாதவளாம். மாசமாக இருப்பவள் கைவளையல் ஒன்று வேண்டும் என்று கேட்டாளாம். அவர்கள் பக்கத்தில் அது வழக்கம்தான்; போட்டுக்கொண்டவளுக்கும் கரு தங்கும் என்பார்கள். ஆனால் வளைகாப்பு முடிந்த பிறகு, நாலு பேர் முன்னால், தெரிந்தவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் போடுவார்கள். நிலைவாசலுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் எதையும் நீட்டமாட்டார்கள். ஒரு பிடி உப்புக் கேட்டு வருகிறவளைக்கூட முத்துத்தாய் உள்ளே அழைத்துத்தான் கொடுப்பாள். அவளுக்கா இது மறந்துபோனது என்று ராஜபாண்டி கடிந்துகொண்டான்.

"எத்தன வளைகாப்புல நானும் இப்பிடிக் கைய நீட்டிக்கிட்டு நின்னுருக்கேன். இல்லேன்னு சொல்ல மனசு வரல மாமா" என்றாள்.

அவளை ரூமுக்குள் கூட்டிப்போனான். அவள் விரல்களில் அந்த வாடை ஏறியிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. பொட்டலத்தைப் பிரித்தவன் தன் பங்கை அப்படியே தள்ளிவைத்தான். அவள் மட்டும் சாப்பிட்டாள்.

சாப்பிட்ட கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, புள்ள அசையல."

சோறு உள்ளே போனதும் உதைக்கிற பிள்ளை அது. ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தாள். தண்ணீர் குடித்துப் பார்த்தாள்.

அசைவே இல்லை.

அவளைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினான். கடைசி ரூமில் இருக்கிற பொம்பளை யார் என்று பேயாண்டியிடம் கத்தினான். அவர் பல் குத்துவதை நிறுத்தினார். அந்த ரூமில் ஆளே கிடையாது, கதவுக்குப் பின்னால் செங்கல் வைத்துக் கட்டி வருஷக்கணக்காகிறது என்றார். பிறகு முத்துத்தாயின் கையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி எதுவும் குடுத்துச்சாண்ணே?"

ராஜபாண்டி ரூம் சாவியை நீட்டினான். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டுப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா சிரித்தார். துடிப்பு நன்றாக இருக்கிறது, பிள்ளை தூங்குகிறது, பயப்படாமல் ஊருக்குப் போங்கள் என்றார். முத்துத்தாய் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். அவனுக்கும் கண் கலங்கியது. இந்தச் சாக்கடை ஊர்ப் பக்கம் இனித் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டான்.

பஸ் திருமங்கலம் தாண்டியது. வெயில் தணிந்து காட்டுக் காற்று முகத்தில் அடித்தது. முத்துத்தாய் சட்டென்று நிமிர்ந்து அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"பாரு மாமா, முன்னயவிட நல்லா அசையுது."

குட்டிக் குதிகாலின் இடி வரும் என்று அவன் காத்திருந்தான்.

வரவில்லை.

தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று மெல்ல விரிந்தது. ஒவ்வொரு விரலாக நீண்டு, தேடி, அவன் உள்ளங்கையோடு வந்து பொருந்தியது.

அவன் கை அளவுக்குப் பெரிய கை.

தன் கையை எடுக்கப் பார்த்தான். உள்ளேயிருந்து அது விரல்களை மடக்கி அவனைப் பிடித்துக்கொண்டது.