சாரதி இல்லாத மொரிஸ்

அலுமாரிக்குள் நின்ற மொரிஸ் மைனரின் கண்ணாடிகள் உட்புறமாக வெளுத்திருந்தன.

அஸ்ஹான் முதலில் தன்னைத்தான் திட்டிக்கொண்டான். பிளாஸ்டிக் கார்களை ஒட்டிக் கட்டுகிறவர்கள் ஆரம்பத்திலேயே படித்துவிடும் பாடம் அது: கண்ணாடித் துண்டுகளின் பக்கத்தில் சுப்பர் குளூவைக் கொண்டுபோகக் கூடாது. அதன் ஆவி உள்ளே சுற்றிச் சுற்றி வெள்ளையாகப் படிந்துவிடும், பிறகு என்ன குட்டிக்கரணம் போட்டாலும் போகாது. கை தவறி எங்கேயோ ஒரு சொட்டு வைத்துவிட்டேன் என்று நினைத்தான். இந்தக் காருக்கு அந்தப் பசையின் மூடியைக்கூடத் திறக்கவில்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வெளியே மழை விட்டபாடில்லை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தபோதே மின்சாரம் போயிருந்தது. உவர்மலைச் சரிவில் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற அந்த வாடகை வீட்டில் பக்க அறை அவனுடைய ராச்சியம். ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கண்ணாடி அலுமாரி, அதற்குள் அவன் பிறப்பதற்கு முன்பே பெட்டிகளில் அடைக்கப்பட்டு, அவன் கையால் உருவம் பெற்ற கார்கள். பசை நாற்றம் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்று கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் தான் உடுத்துக் கிழிந்த ஒரு பழைய சாரத்தையும் அடைத்துவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவான்.

அடுத்த அறையில் அவன் மனைவி றுஷ்தா படுத்திருந்தாள். நிறைமாதம். சென்ற முறை ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போனதில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். இந்த முறை முதல் வலி எடுத்ததும் ஒரு நிமிஷமும் நிற்காமல் வரவேண்டும் என்று டொக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். அதற்காகவே அவனுடைய கார் பக்க முற்றத்தில் எந்நேரமும் தயாராக நின்றது. றுஷ்தாவின் உம்மா மறுநாள்தான் கிண்ணியாவிலிருந்து வருவதாக இருந்தது. அதுவரை அவளுக்கு அவனை விட்டால் ஆளில்லை.

மொரிஸ் கிட்டை அவனுக்குக் கொடுத்தவர் பாக்கியரத்தினம், துறைமுகத்தடிப் பழைய வீடுகளைக் காலிசெய்து சாமான் விற்பவர். அறுபதுகளில் வந்த பெட்டி. பாகங்கள் எல்லாம் வார்த்தெடுத்த பிளாஸ்டிக் சட்டங்களிலிருந்து வெட்டப்படாமல் அப்படியே இருந்தன, ஒன்றைத் தவிர. சாரதிப் பொம்மை மட்டும் யாராலோ வெட்டியெடுக்கப்பட்டு, பஞ்சில் பொதிந்து, நூலால் மூச்சுமுட்டச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. நூலை அறுத்துப் பார்த்தான். விரல் நீளத்துக்கு ஒரு மனிதன், ஸ்டியரிங்கைப் பிடிக்க வளைத்து வார்த்த கைகள், முகம் என்று சொல்லக் கண்ணும் மூக்கும் இருக்கவேண்டிய இடத்தில் மொழுமொழுவென்று மேடும் பள்ளமும்.

றுஷ்தா அதைப் பார்த்துவிட்டாள். கார்களைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னவள் அல்ல அவள். பிள்ளை வருவதற்கு முன்பே வீட்டில் விளையாட்டுச் சாமான் நிறைந்துவிட்டது என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பதோடு சரி. இதைக் கண்டதும் மட்டும் முகம் மாறிவிட்டது.

"உருவம் இரிக்கிற வீட்டுக்குள்ள மலக்குமார் வரமாட்டாங்க. புள்ள கெடைக்கப்போற நேரத்தில இது வேணாம்" என்றாள்.

வானவர்கள் நுழையாத வீட்டில் பிள்ளை பிறப்பதா என்பது அவள் பயம். கொண்டுபோய்க் கடலில் போட்டுவிடுகிறேன் என்றான். போட்டுவிட்டதாக வந்தும் சொன்னான். போடவில்லை. பழைய கிட் சேர்க்கிற பைத்தியங்களுக்கு அது ஏலாத காரியம். ஒரு துண்டு குறைந்தாலும் அவர்களுக்கு உயிர் போய்விடும். அதனால் பெரிய கெட்டித்தனம் என்று நினைத்து ஒரு வேலை செய்தான். சாரதியைக் காரின் பின்பெட்டிக்குள் படுக்கவைத்து, காரின் மேலுடலையும் அடித்தட்டையும் சாதாரண பிளாஸ்டிக் பசையால் சேர்த்து ஒட்டி மூடிவிட்டான். கண்ணுக்குத் தெரியாதது எப்படி உருவமாகும் என்று தனக்குத்தானே ஒரு பத்வாவும் கொடுத்துக்கொண்டான். காரை ஆட்டினால் உள்ளே ஒரு சின்னக் கடகடப்புக் கேட்கும், வேறு அடையாளம் இல்லை. கதவுகளும் திறக்காது. அந்தக் காலத்துக் கிட்களில் கதவு என்பது பிளாஸ்டிக்கில் கீறிய ஒரு கோடு, கைபிடி என்பது அதன்மேல் ஒரு புடைப்பு.

இப்போது அலுமாரியைத் திறந்து போன் வெளிச்சத்தைக் காரின்மேல் பிடித்தான். பசைக்கும் பழைய பிளாஸ்டிக்குக்கும் ஊடாக இன்னொரு வாடை வந்தது, நெடுநேரம் மூடிக்கிடந்த வாயைத் திறந்தால் வருகிற புளித்த வாடை. முன்கண்ணாடியில் இருந்த வெள்ளைப் படலம் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் கொஞ்சம் மெலிந்தது, பிறகு தடித்தது, மறுபடி மெலிந்து மறுபடி தடித்தது. ஓட்டில் விழுந்த மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது, தூங்குகிற ஆளின் நெஞ்சுக்கு இருப்பதைப் போல. தன் மூச்சுத்தான் கண்ணாடியில் படுகிறதோ என்ற நப்பாசையில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். அது நிற்கவில்லை.

அஸ்ஹான் பயந்துபோனான். விரலளவு பிளாஸ்டிக்குக்குப் பயப்படுகிறோமே என்று வெட்கமும் வந்தது, ஆனாலும் பயந்தான். உடைத்துவிடுவது என்று முடிவெடுத்துக் காரைக் கையில் எடுத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. ஒட்டின் விளிம்பில் கத்திமுனையை வைத்தபோது முன்கண்ணாடி சட்டென்று தெளிந்தது, உள்ளிருந்து யாரோ புறங்கையால் துடைத்துவிட்டதைப் போல. உள்ளே ஆசனங்கள் வெறுமையாக இருந்தன. காரை ஆட்டிப் பார்த்தான். சத்தமில்லை. காதோடு வைத்து இன்னும் பலமாக ஆட்டினான். கடகடப்பு இல்லை. ஒட்டுகள் விடவில்லை, எங்கேயும் மயிரிழைக்குக்கூட வழியில்லை, ஆனால் உள்ளே அது இல்லை.

அந்த நேரம்தான் றுஷ்தா கூப்பிட்டாள்.

"இஞ்சருங்க. வலிக்கத் தொடங்கிட்டு."

காரும் பயமும் மேசையிலேயே விழுந்தன. கதவுக்குப் பாய்ந்து கைபிடியைத் திருகினான். அசையவில்லை. மழை ஈரத்தில் இறுகிவிட்டதாக்கும் என்று தோளைக் கொடுத்து இடித்தான். சும்மா காற்றுக்கே கிடுகிடுக்கிற அந்தக் கதவு இம்மியும் ஆடவில்லை. குனிந்து, இடுக்கில் அடைத்திருந்த சாரத்தைப் பிடித்து இழுத்தான். சாரம் வந்தது. இடுக்கு இல்லை. அது இருந்த இடத்தில் நகம் மட்டும் இறங்கும் ஆழத்துக்கு ஒரு பள்ளம் ஓடியது. விரலை அதில் வைத்துப் பின்தொடர்ந்தான். பக்கவாட்டில் ஏறி, நிலையின் மேலே போய், மறுபக்கம் இறங்கி, திரும்பவும் தரைக்கு வந்தது.

கோடு. வெறும் கோடு. கைபிடி கதவோடு ஒன்று. கதவு சுவரோடு ஒன்று.

றுஷ்தா என்று கத்தினான். குரல் சுவரில் பட்டு அவன் காதுக்கே திரும்பி வந்தது.

அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வருவது கேட்டது. கதவைத் தட்டினாள். மரத்தின் சத்தம் அல்ல அது, உள்ளே ஒன்றுமில்லாத பொருளைத் தட்டுகிற மெல்லிய சத்தம். தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது, கதவைத் திறவுங்கள், உள்ளேதானே இருக்கிறீர்கள், ஏன் பேசுகிறீர்களில்லை என்று கேட்டாள். அவன் பேசிக்கொண்டுதான் இருந்தான். தொண்டை கிழியப் பேசினான். கதவில் இரண்டு கையாலும் அடித்தான். அவள் கேட்ட கேள்வியையே திரும்பவும் கேட்டாள், இந்த முறை அழுதுகொண்டு.

போனைப் பார்த்தான். வெளிச்சம் மட்டும் இருந்தது, சிக்னல் இல்லை. யன்னலுக்கு ஓடினான். கொளுக்கி யன்னல் சட்டத்திலேயே வார்த்ததுபோல் இருந்தது. கதிரையைத் தூக்கி ஓங்கி அடித்தான். கண்ணாடி உடையவில்லை. உள்வாங்கி வளைந்தது, பிறகு நிமிர்ந்துகொண்டது. அறையில் காற்றுக் குறைந்துகொண்டே வந்தது. மேலே பார்த்தான். முகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் நாலு பக்கமும் ஏதோ ஈரமாக மினுங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துகொண்டிருந்தது. அவனுக்குப் பழகிய பசை நாற்றம்.

யா அல்லாஹ் என்றான். அதற்கு மேல் வாயில் ஒன்றும் வரவில்லை. என்னை இதற்குள் வைத்துக்கொள், அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக யாரையாவது அனுப்பு. நெஞ்சுக்குள் அதைத்தான் கேட்டான். வேறு எதையும் கேட்கவில்லை.

கதவுக்கு அப்பால் இன்னொரு காலடி கேட்டது.

"நான் இஞ்சதான் இரிக்கன், றுஷ்தா. வா, போவம்."

அவனுடைய குரல். அவன் அவளைக் கூப்பிடுகிற அதே விதம், பெயரின் கடைசியில் அதே இழுப்பு.

"எங்க போனீங்க? நான் சரியாப் பயந்துட்டன்" என்றாள் றுஷ்தா. அழுகையும் நிம்மதியும் கலந்த குரல். அதைக் கேட்டதும் அஸ்ஹான் தரையில் விழுந்து கதவடிக் கோட்டோடு வாயை வைத்தான்.

போகாதே என்றான். அது நான் இல்லை என்றான். முன்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தவழ்ந்து யன்னலுக்குப் போனான். அவன் மூச்சுப் பட்ட இடமெல்லாம் வெள்ளை. துடைத்தான். வெள்ளை. துடைத்தான்.

பக்க முற்றத்தில், மழைக்குள், அவனுடைய காரின் அருகே அவன் உடம்பில் போட்டிருந்த அதே நீலச் சேட்டு. அவனுடைய முதுகு. றுஷ்தா அதன்மேல் சாய்ந்துகொண்டு நின்றாள். யன்னலுக்கும் அவளுக்கும் பத்தடி இருக்காது. அஸ்ஹான் நெற்றியால் கண்ணாடியை முட்டினான். அவள் திரும்பவில்லை. வலி மறுபடி வந்திருக்க வேண்டும், பல்லைக் கடித்தாள். பிறகு அதன் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்து, வயிற்றின்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தலையை அதன் தோளில் சாய்த்தாள்.

அந்தக் கை வயிற்றில் படியவில்லை. விரல்களுக்கு நடுவே பிரிவே இல்லை. நான்கும் ஒரே துண்டாக, எதையோ பிடிப்பதற்கென்று வளைத்து வார்த்த வளைவிலேயே, பிள்ளையின்மேல் கிடந்தன.