மூன்று முறை கெட்டுப்போன ரத்தம்

மாஸ்டரின் உயிர் ஞாயிற்றுக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் பிரிந்தது. உடலை வெளியே கொண்டுவருவதற்குள் வராந்தாவில் ஒரு ரகளை நடந்து முடிந்துவிட்டது. மாஸ்டரின் மனைவி, சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்த கொழுந்தனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள்.

"குடிகாரப் பாவி! திருட்டுத்தனமாக் குடிச்சுக் குடிச்சே உங்கண்ணனச் சாகடிச்சிட்டியேடா!"

தெருவில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். அடக்கம் முடிவதற்குள் மீதிப் பேர் காதுக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது.

புதன்கிழமை காலை பத்து மணி. அந்தக் கொழுந்தன் போலீஸ் ஸ்டேஷனுக்குள் வந்து இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றான். டவுன் பஸ் டிரைவர். நாற்பதை ஒட்டிய வயது. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டு இழுத்துக் கட்டியிருந்தான்.

"மேடம், எங்கண்ணனக் கொன்னுட்டாங்க. யாரோ எனக்கு விஷம் வெச்சு அவரக் கொன்னுட்டாங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். இருபது வருஷ சர்வீஸில் அவள் கேட்டிராத புகார் அது.

"விஷம் உங்களுக்கு. செத்தது உங்கண்ணன். முதல்ல உட்காருங்க. நிதானமா சொல்லுங்க."

அவன் சொன்னான். அண்ணன் உடற்பயிற்சிக் கூடம் நடத்தியவர். மலை மாதிரி ஆள். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். எப்போதோ வந்த மஞ்சள் காமாலை உள்ளுக்குள்ளேயே தங்கி, அவருடைய கல்லீரலைச் சுருக்கிப் போட்டுவிட்டது. வேறொருவர் ஈரலில் ஒரு பகுதியை வெட்டி வைத்தால்தான் பிழைப்பார் என்றார் டாக்டர். மனைவியின் ரத்த வகை சேரவில்லை. தம்பியுடையது சேர்ந்தது. ஆனால் ஸ்கேனில் தம்பியின் ஈரல் முழுக்கக் கொழுப்பு. நாளெல்லாம் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தே கிடந்த உடம்பு.

"குடிக்காதவங்களுக்கும் இது வரும், பயப்படாதீங்கன்னாரு டாக்டர். தினமும் வேகமா நடங்க, எண்ணெய்ப் பண்டத்த விடுங்க, ஈரல் தானா சுத்தமாயிடும்னாரு. நடந்தேன் மேடம். வெயில் மழை பாக்காம நடந்தேன். திரும்ப ஸ்கேன் எடுத்தா கொழுப்பக் காணோம். டாக்டரே எழுந்து கை குடுத்தாரு."

"அப்புறம்?"

"ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தம் எடுத்தாங்க. ஈரல் கெட்டிருக்குன்னு வந்துச்சு. தள்ளிப்போட்டாங்க. ரெண்டாவது தடவை எடுத்தாங்க. மறுபடியும் கெட்டிருக்கு. மூணாவது தடவையும் அதேதான். குடிக்கிறியான்னு கேட்டாங்க. என் வாழ்நாள்ல தொட்டதில்ல. யாரு நம்பறா? அதுக்குள்ள அண்ணன்..."

"ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி உடம்புல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்கும். கையத் தூக்க முடியாது. நர்ஸம்மாதான் சட்டைக் கையச் சுருட்டிவிட்டாங்க."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

"சாப்பாடு யார் கையில?"

"என் பொண்டாட்டி சமையல். சாயங்காலம் நடந்துட்டு அப்படியே அண்ணனப் பாக்கப் போவேன். அண்ணி ஒரு டம்ளர் ஜூஸ் குடுப்பாங்க."

"ஆபரேஷன் வேணாம்னு யாராவது சொன்னாங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வீட்டுல அழுதா. எங்களுக்கு ஒரு சின்னப் பொண்ணு இருக்கு மேடம்."

பிற்பகலில் இன்ஸ்பெக்டர் அவன் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி எதையும் மறைக்கவில்லை.

"அழுதேன். இல்லங்கல. இவருக்கு ஒண்ணு ஆயிட்டா நாங்க என்ன பண்ணுவோம்? ஆனா தாய் தகப்பன் போனப்புறம் இவரத் தோள்ல போட்டு வளத்தவரு இவங்கண்ணன். அவரு சாகட்டும்னு இவருக்கு எதையாவது கலந்து குடுத்துட்டு, அதே மனுஷனோட நான் எப்படிங்க குடும்பம் நடத்துவேன்?"

அவள் கண்களை இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்துகொண்டாள்.

ஜீப்பில் ஏறியதும் அவளுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. பரிசோதனை கெட்டால் யாருக்கு லாபம்? அண்ணிக்கு இல்லை, புருஷன் பிழைக்கத் தவம் கிடந்தவள். டிரைவருக்கு இல்லை, கொடுக்க மனமில்லாதவன் இப்படி நடந்து உடம்பை இளைக்க வைத்திருக்க மாட்டான். அவன் மனைவியும் இல்லையென்றால், அவன் உடம்பில் கத்தி படக்கூடாது என்று நினைத்தவர் வேறு யார்?

மாஸ்டரின் வீட்டுக் கூடத்தில் கட்டில் கிடந்த இடம் காலியாக இருந்தது. பக்கத்தில், தரையில், வட்டம் வட்டமாகத் துருக்கறை. மாடி அறையிலும் அதே வட்டங்கள்.

"இது என்னம்மா?"

"அவரோட இரும்பு." அழுது அழுது மாஸ்டரின் மனைவிக்குத் தொண்டை கட்டியிருந்தது. "எடை தூக்கற தட்டுங்க. முத முதல்ல வாங்கினது. கண்ணால பாத்துக்கிட்டே படுத்திருக்கணும்னு மாடிக்கு ஏத்தச் சொன்னாரு. அப்புறம் படி ஏற முடியல. கட்டிலு கீழ வந்துச்சு, இரும்பும் வந்துச்சு. கடைசியில சிஷ்யப் பசங்களே வெச்சுக்கட்டும்னு உடற்பயிற்சிக் கூடத்துக்கே திருப்பி அனுப்பிட்டாரு."

"எல்லாத்தையும் தூக்கினது யாரு?"

"வேற யாரு? அவன்தான்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அண்ணனுக்காக அதையாவது செஞ்சானே."

உடற்பயிற்சிக் கூடத்தை இப்போது மாஸ்டரின் மூத்த சிஷ்யன் பார்த்துக்கொண்டான். புஜம் ஒவ்வொன்றும் ஒரு தூண். மாஸ்டர் பெயரை எடுத்ததும் அந்தத் தூண்கள் ஆட்டம் கண்டன. துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

"இரும்பத் தூக்க உங்களக் கூப்பிடலையா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"அதான் மேடம் எங்களுக்கு வருத்தமே. நாங்க இத்தன தடியனுங்க இருக்கோம், விளையாட்டாத் தூக்கி வெச்சிருப்போம். முதல் தடவை எடுத்துட்டுப் போறப்ப நான் கை வெச்சேன். 'விடுறா, தம்பி தூக்குவான்'னு ஒரே அதட்டு. பாவம், பஸ் ஓட்டற மனுஷன், நாக்குத் தள்ளிடுச்சு. அவரு ஒவ்வொண்ணா எடுக்க, 'நல்லா உட்கார்ந்து எழுந்து தூக்குடா'ன்னு மாஸ்டர் வேற விரட்டறாரு."

"அவ்வளவு கண்டிப்பா?"

"எங்ககிட்ட இன்னும் மோசம். போட்டிக்கு மெடிக்கல் செக்கப்னா ஒரு வாரம் முன்னாடியே கூடத்துப் பக்கம் தலை காட்டக் கூடாது. ஏன் மாஸ்டர்னு கேட்டா, 'நான் பட்டாச்சு, நீங்களும் படணுமா?'ம்பாரு. அதுக்கு மேல வாயே திறக்க மாட்டாரு."

இன்ஸ்பெக்டர் ஓரமாக அடுக்கியிருந்த தட்டுகளில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு கையும் வேண்டியிருந்தது. அப்படி ஒரு டஜனுக்கு மேல் இருந்தன.

வியாழக்கிழமை அவள் கேட்டுக்கொண்டபடி டிரைவரின் ரத்தத்தை மறுபடி எடுத்தார்கள். இரும்பு தூக்கிய நாட்களையும் அவள் அவனிடம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை டாக்டர் முடிவைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"சுத்தமா இருக்கு. ஒரு குறையும் இல்ல."

"மாஸ்டர் உங்ககிட்ட தனியா ஏதாவது கேட்டாரா டாக்டர்?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டார். 'குடுக்கறவனுக்கு ஏதாவது ஆகுமா?'ன்னு. மறைக்கல. ரொம்ப ரொம்ப அபூர்வம், ஆனா இறந்தவங்களும் உண்டுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவர் எதுவுமே கேக்கல."

இன்ஸ்பெக்டர் பழைய மூன்று முடிவுகளையும் அவர் பக்கம் நகர்த்தினாள். "பழக்கமே இல்லாத ஒருத்தர், ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி பளு தூக்கினா என்ன ஆகும்?"

டாக்டர் பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

சனிக்கிழமை மாலை. மாஸ்டரின் வீட்டு வாசலில் மனைவி குறுக்கே நின்றாள்.

"நீங்க வாங்க மேடம். இவன் உள்ள வரக் கூடாது."

"இவருக்கும் சேத்துதாம்மா சொல்ல வந்திருக்கேன். வழி விடுங்க."

டிரைவர் கதவோரமாகவே நின்றுகொண்டான். இன்ஸ்பெக்டர் உட்காரவில்லை.

"இவரு குடிக்கல. இவருக்கு யாரும் விஷமும் வெக்கல. மூணு தடவை ரத்தம் எடுத்தப்பவும் இவரோட ஈரல் முழு ஆரோக்கியமா இருந்துச்சு."

"அப்ப ரிப்போர்ட்டு?" என்றான் டிரைவர்.

"ஈரல் கெட்டா ரத்தத்துல நாலஞ்சு விஷயம் மாறும். உங்களுக்கு ரெண்டுதான் ஏறியிருந்துச்சு. மத்ததெல்லாம் சரியா இருந்துச்சு. அந்த ரெண்டும் ஈரல்ல மட்டும் இல்ல, சதையிலயும் இருக்கு. பழகாத உடம்பு பளு தூக்கினா சதை நொந்து, அதுல இருந்து ரத்தத்துல கலக்கும். ஒரு வாரம் வரைக்கும்கூட இறங்காது. நடக்கறது ஈரலச் சுத்தம் பண்ணுச்சு. தூக்கினது ஈரல் கெட்ட மாதிரி காட்டிடுச்சு."

"உடற்பயிற்சி பண்றீங்களான்னு டாக்டர் கேட்டாரே... நடக்கிறேன்னு சொன்னேனே..."

"வீட்டுச் சாமான் தூக்கறத யாரும் உடற்பயிற்சின்னு சொல்ல மாட்டாங்க. அவரும் அதுக்கு மேல கேக்கல. ஒரு தடவை நீங்க கெட்டுப்போனவருன்னு முடிவு பண்ணிட்டதால, சரியா இருந்தத யாரும் திரும்பிப் பாக்கல."

மாஸ்டரின் மனைவி இன்ஸ்பெக்டரையே வெறித்துப் பார்த்தாள். "மூணு தடவையும் இரும்பு நகந்துச்சு," என்றாள் மெதுவாக.

"மூணு தடவையும், டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி. அத்தன பலசாலிப் பசங்க இருந்தும் அவங்க யாரையும் தொட விடல. பளு தூக்கினா ரத்தம் என்ன காட்டும்னு இந்த வீட்டுல பட்டுத் தெரிஞ்சவரு ஒருத்தர்தான்; அதனாலதான் செக்கப்புக்கு ஒரு வாரம் முன்னாடியே பசங்கள இரும்பத் தொட விட மாட்டாரு. தம்பி ஈரலக் குடுக்க விடக் கூடாதுன்னு இதச் செஞ்சது மாஸ்டர்."

டிரைவர் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "வேணாம்டான்னு முதல்லயே சொன்னாரு மேடம். நான்தான் கேக்கல. சாப்பிட மாட்டேன்னு அடம் பிடிச்சேன். அப்புறம் திடீர்னு சரின்னுட்டாரு. நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன்."

"வேற யாரோட ஈரலாவது கெடைக்கும், அதுவரைக்கும் தாங்கிடலாம்னு கணக்குப் போட்டிருக்கலாம்," என்றாள் இன்ஸ்பெக்டர். "சாகணும்னு செஞ்சிருக்க மாட்டாரு."

மாஸ்டரின் மனைவிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"தம்பிய நெனச்சாரு. தம்பி பொண்ண நெனச்சாரு. கூடவே கெடந்தேனே, கால் வீங்கினா அமுக்கிவிட்டேன், வாந்தி எடுத்தா கையில பிடிச்சேன். உனக்கு நான் வேணுமா வேணாமான்னு என்ன ஒரு வார்த்த கேட்டாரா?"

"என்னையும் கேக்கல அண்ணி," என்றான் டிரைவர்.

புகாரை முடித்துவிடலாம் என்று நினைத்து இன்ஸ்பெக்டர் தாளை மடித்தாள். கைது செய்ய ஆளில்லாத குற்றம்.

மாஸ்டரின் மனைவி எழுந்தாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். கொழுந்தனின் பக்கத்தில் போய் நின்றாள்.

"எழுந்திருடா."

"எதுக்கு அண்ணி?"

"தெருவே பாக்க உன்னக் குடிகாரன்னு சொன்னேன். அத நான்தான் திருப்பி எடுக்கணும். வா என்கூட."

"வேணாம் அண்ணி. போகட்டும் விடுங்க."

"எழுந்திருன்னேன்ல."

இன்ஸ்பெக்டர் ஜீப்பருகே நின்று பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கதவை மாஸ்டரின் மனைவி தட்டினாள். வெளியே வந்த பெண்மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என் கொழுந்தன் குடிக்கலக்கா. அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் சொன்னது பொய். அவன் ஈரல் தங்கம் மாதிரி இருந்துச்சு."

"ஐயோ, அப்படியா? அப்ப மாஸ்டர் சாவுக்கு யாரு காரணம்?"

மாஸ்டரின் மனைவி கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள். டிரைவர் ஒரு அடி முன்னால் வந்தான்.

"யாரும் இல்லக்கா. நோவு முத்திடுச்சு. எங்களால காப்பாத்த முடியல."

அண்ணி அவன் கையைப் பற்றிக்கொண்டாள். அடுத்த வீட்டுக் கதவை அவனே தட்டினான்.